ஆங்கிலக் கூட்டுப் பெயர்களும் நம் வீட்டுத் தமிழும்

நம் வீடுகளில் இருக்கக்கூடிய நான்கு டின்களை இப்போது மனக்கண்முன் வரிசையாக நிறுத்திக் கொள்வோம். ஒன்றின்மேல் மில்க் பவுடர் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. இரண்டாவதில் பேபி பவுடர். மூன்றாவதில் பேக்கிங் பவுடர். நான்காவதில் ஆன்ட் பவுடர். நான்கும் பொடிகள்தாம். மூடியைத் திறந்தால் நிறத்தில்கூடப் பெரிய வேறுபாடு தெரியாது. நான்கின் பெயரிலும் பவுடர் என்ற சொல்லே கடைசியில் நிற்கிறது. ஆனால் மில்க் பவுடர் என்பது பாலிலிருந்து செய்த பொடி. பேபி பவுடர் குழந்தையிலிருந்து செய்த பொடியன்று. குழந்தைக்குப் பூசும் பொடி. பேக்கிங் பவுடர் பலகாரம் வேகும்போது மாவு உப்பி எழுவதற்குச் சேர்க்கும் பொடி. ஆன்ட் பவுடரோ எறும்புக்குத் தீனியாகப் போடுவதன்று. எறும்பைக் கொல்லும் நஞ்சு.

'செய்த', 'பூசும்', 'கொல்லும்' என்று இப்போது நாம் சேர்த்துச் சொன்ன சொற்களில் ஒன்றேனும் அந்த டின்களின்மேல் இல்லை. இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்கு நடுவே உள்ள உறவைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது ஆங்கிலம். அதைப் படிப்பவர்தாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். சரியாக நிரப்பினால் பிள்ளைக்குப் பால் கிடைக்கும். தவறாக நிரப்பினால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்து ஒரே பொருளுக்குப் பெயராக நிற்பதை ஆங்கில இலக்கணத்தார் காம்பவுண்ட் நவுன் என்பார்கள். நாம் கூட்டுப் பெயர் என்று வைத்துக் கொள்வோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளைத் திகைக்க வைப்பவற்றுள் இந்தக் கூட்டுப் பெயர்களுக்கு முக்கிய இடம் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே பொருள் தெரியும். சேர்ந்து நின்றால் தெரியாது. 'எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?' என்று பெற்றோர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. இந்த ஒரு பாடத்தில் தமிழ் பேசும் வீட்டுக்குப் பெரியதொரு வசதி இருக்கிறது.

அந்த வசதி என்னவென்று முதலில் பார்ப்போம். ஆங்கிலக் கூட்டுப் பெயரில் பெரும்பாலும் கடைசிச் சொல்லே பொருளைக் குறிக்கும். முன்னால் நிற்பது அது எந்த வகை என்று பிரித்துக் காட்டும். டீ கப் என்றால் அது ஒரு கப், தேநீரன்று. ரேஸ் ஹார்ஸ் என்றால் ஓடுகின்ற குதிரை. அதையே திருப்பி ஹார்ஸ் ரேஸ் என்றால் குதிரைப் பந்தயம். முன்னதற்குப் புல் போடலாம். பின்னதற்குப் போட முடியாது. ஹவுஸ் போட் என்றால் வீடுபோல் வசிக்க வசதியுள்ள படகு. போட் ஹவுஸ் என்றால் படகுகளை நிறுத்தி வைக்கும் கொட்டகை. சொற்கள் அவையேதாம். இடம் மாறியதும் பொருள் தலைகீழாகிவிட்டது.

இதே ஒழுங்குதான் தமிழிலும் இருக்கிறது. பந்தயக் குதிரை என்றால் குதிரை. குதிரைப் பந்தயம் என்றால் பந்தயம். மாட்டு வண்டி என்றால் வண்டி; வண்டி மாடு என்றால் மாடு. இதை எந்த இலக்கண ஆசிரியரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. மூன்று வயதுக் குழந்தைகூட மாட்டு வண்டியையும் வண்டி மாட்டையும் குழப்பிக் கொள்ளாது.

மலாய் மொழி இதற்கு நேர்மாறானது. அங்கே பொருள் முன்னால் வரும். வகை பின்னால் வரும். போஸ்ட் ஆபீசு மலாயில் பெஜாபாட் போஸ். இருமல் மருந்து ஊபாட் பாத்துக். எலி நஞ்சு ராச்சுன் தீக்குஸ். ரப்பர் தோட்டம் லாடாங் கெத்தா. வீட்டிலே தமிழும் பள்ளியிலே மலாயும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளை ஒரே நாளில் இரண்டு திசைகளிலும் போக வேண்டியிருக்கிறது. மலாய்க் கட்டுரை எழுதிய கையோடு ஆங்கிலக் கட்டுரை எழுதும் பிள்ளை, போஸ்ட் ஆபீசை ஆபீஸ் போஸ்ட் என்று எழுதினால் அடிக்க வேண்டாம், ஐயா! அது அறியாமையன்று; ஒரு மொழியின் ஒழுங்கை இன்னொரு மொழிக்குள் கொண்டுபோனதுதான். 'தமிழில் எப்படிச் சொல்வாய்?' என்று கேட்டாலே போதும். அஞ்சல் நிலையம் என்று பிள்ளை சொல்லும். 'அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுது' என்றால் சரியாக வந்துவிடும்.

சொல் வரிசை தமிழ் வழிப்படி அமைந்துவிட்டது. அடுத்து அந்தச் சொல்லப்படாத உறவுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம் தோட்டத்துக்குள்ளேயே வழங்கும் சொற்களை எடுத்துக் கொள்வோம். ரப்பர் ட்ரீ என்றால் ரப்பரைத் தரும் மரம். ரப்பர் எஸ்டேட் என்றால் ரப்பர் விளையும் தோட்டம். ரப்பர் டேப்பர் என்றால் மரத்தை வெட்டி ரப்பர் பால் எடுப்பவர். ரப்பர் ஷீட் என்றால் ரப்பரால் ஆன தகடு. ரப்பர் லாரி என்றால் ரப்பரால் ஆன லாரியன்று. ரப்பரை ஏற்றிச் செல்லும் லாரி. ரப்பர் பிரைஸ் என்றால் ரப்பரின் விலை. ரப்பர் சீட் என்றால் அம்மரத்தின் விதை. முன்னால் நிற்கும் சொல் ஏழிலும் ஒன்றே. அது பின்சொல்லோடு கொண்ட உறவோ இடத்துக்கு இடம் மாறுகிறது. இன்னும் பாருங்கள். லேட்டக்ஸ் கப் என்றால் பாலைப் பிடிக்கும் மங்கு. கப் லம்ப் என்றால் அந்த மங்கிலேயே உறைந்து கிடக்கும் கட்டிப்பால். ஸ்மோக் ஹவுஸ் என்றால் புகையால் கட்டிய வீடா? இல்லை. ரப்பர்த் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகையூட்டும் கூடம். பல ஆண்டு அந்தக் கூடத்தில் வேலை செய்தவருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. விளக்க வேண்டுவது, பட்டணத்தில் பிறந்து வளர்ந்து ஆங்கிலம் நன்றாகப் பேசுபவருக்குத்தான். இதைப் பெற்றோர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கூட்டுப் பெயரின் நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்புவது மொழியறிவு மட்டுமன்று. அப்பொருளோடு பழகிய அறிவே அதைப் பெரும்பாலும் நிரப்புகிறது.

ரப்பர் என்ற சொல்லே ஒரு கதை உடையது. 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிவியலார், பென்சில் எழுத்தை அழிக்க இப்பொருள் நன்கு பயன்படுவதைக் குறித்து எழுதினார். தேய்த்து அழிப்பதால் ரப்பர், அதாவது தேய்ப்பான் என்று பெயர் வந்தது. நெடுங்காலம் அதற்கு இந்தியா ரப்பர் என்ற கூட்டுப் பெயரும் வழங்கியது. இந்தியாவில் விளைந்ததால் வந்த பெயரன்று. ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்துப் பகுதிகளையும் இண்டீஸ் என்று அழைத்த பழைய வழக்கத்தால் வந்தது. முன்சொல் ஊரைக் குறித்தாலும் அந்த ஊரை நம்பிவிடக்கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

இனி நம் இலக்கணத்துக்கு வருவோம். இரு சொற்களின் நடுவே வேற்றுமை உருபு மறைந்து நிற்பதை வேற்றுமைத் தொகை என்று தமிழ்ப்பள்ளியிலே சொல்லிக் கொடுக்கிறோம். உருபோடு அதன் பயனை விளக்கும் சொல்லும் சேர்ந்தே மறைந்தால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்கிறோம். தண்ணீர்க்குடம் என்றால் தண்ணீரை உடைய குடம். அதில் 'ஐ' என்ற உருபும் இல்லை, 'உடைய' என்ற சொல்லும் இல்லை. ரப்பர் லாரியும் அப்படித்தான். ரப்பரை ஏற்றிச் செல்லும் லாரி என்பதில் 'ஐ', 'ஏற்றிச் செல்லும்' ஆகியன தொக்கு நிற்கின்றன. தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பகுதி என்று பலர் நினைக்கும் இந்தத் தொகை இலக்கணம், ஆங்கில வகுப்பில் ஒரு சாவியாகப் பயன்படுகிறது. மறைந்திருப்பதை விரித்துச் சொல்லச் சொன்னால் பிள்ளை சொல்லிவிடும். அந்தப் பயிற்சி அதற்கு ஏற்கெனவே உண்டு.

மேனாட்டு அறிஞர்களும் இவ்வுறவுகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கில மொழிக்கு ஏழு பகுதிகள் கொண்ட பேரிலக்கணம் எழுதிய டென்மார்க் நாட்டு அறிஞர் ஓட்டோ எஸ்பெர்சன், இவற்றை முழுவதும் பட்டியல் போட்டு முடிக்க இயலாது என்ற கருத்துடையவர். 1978இல் தம் நூலை வெளியிட்ட அமெரிக்க மொழியியலாளர் ஜூடித் லெவி, பெரும்பாலான உறவுகளை ஒன்பதுக்குள் அடக்கிக் காட்டினார். உண்டாக்குதல், உடையதாதல், செய்யப்படுதல், பயன்படுத்துதல், அதுவேயாதல், ஓரிடத்தில் இருத்தல், ஒன்றிலிருந்து வருதல், ஒன்றைப் பற்றியதாதல், ஒன்றுக்காக இருத்தல் என்பன அவை. நல்ல முயற்சிதான். ஆனால் 'ஒன்றுக்காக' என்ற அந்தக் கடைசிப் பெட்டியைத் திறந்து பார்த்தால், பேபி பவுடரும் ஆன்ட் பவுடரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும்! ஒன்று குழந்தைக்காக, மற்றது எறும்புக்காக. ஒன்று பேணுவதற்கு, மற்றது கொல்வதற்கு.

இந்த இடத்தில் நம் பவணந்தி முனிவர் நமக்குக் கைகொடுக்கிறார். நன்னூலில் 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபுக்குப் பல பொருள்கள் சொல்லும்போது, கொடை என்பதையும் பகை என்பதையும் அவர் தனித்தனியே வைத்தார். பொருட்டு என்பதையும் வேறாகச் சொன்னார். இரவலருக்குப் பொன் கொடுத்தான் என்பதிலும் 'கு' உண்டு. பாம்புக்குப் பகை கீரி என்பதிலும் 'கு' உண்டு. உருபு ஒன்றே, உறவு வேறு. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பிரித்து வைத்த இந்தப் பிரிவைக் கொண்டு டின்களைப் பார்த்தால், குழந்தைக்குப் பவுடர் கொடைப் பொருள் என்றும் எறும்புக்குப் பவுடர் பகைப் பொருள் என்றும் விளங்கிவிடும். பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், மறக்காது.

மருந்துகளில் இந்தப் பிரிவு மிகவும் தேவைப்படுகிறது. தலைவலி மாத்திரை தலைவலியைப் போக்கும். தூக்க மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும். தமிழில் இரண்டுக்கும் ஒரே அமைப்புத்தான். ஆங்கிலத்திலும் ஹெட்ஏக் டேப்லட் வலியை நீக்குவது, ஸ்லீப்பிங் டேப்லட் தூக்கம் தருவது. ஐ டிராப்ஸ் கண்ணில் விடும் சொட்டு மருந்து. காஃப் டிராப்ஸ் இருமலுக்கு வாயில் போட்டுச் சப்பும் மிட்டாய். அதை எங்கேயும் சொட்டு விட முடியாது. காஃப் சிரப் இருமலைத் தணிக்கும் பாகு. ரேட் பாய்சன் எலிக்குப் பகையான நஞ்சு. ஆனால் ஸ்னேக் பாய்சன் என்று யாரேனும் சொன்னால் அது பாம்பிடமிருந்து வரும் நஞ்சு. எலியும் பாம்பும் இரண்டுமே பிராணிகள்தாம், நஞ்சும் நஞ்சுதான். எலியிடம் நஞ்சு இல்லை, பாம்பிடம் உண்டு என்ற உலக அறிவுதான் இரண்டையும் வேறாக்குகிறது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். மில்க் பாட்டில் என்றால் அது பாட்டில்தான், பால் அன்று. கடைசிச் சொல்லைப் பாருங்கள். வெறும் பாட்டிலானாலும் அது மில்க் பாட்டில்தான். போத்தலில் உள்ள பாலைச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் 'ஆஃப்' என்ற சொல்லை நடுவில் வைத்து பாட்டில் ஆஃப் மில்க் என்பார்கள். நாம் பால் போத்தல் என்றும் ஒரு போத்தல் பால் என்றும் பிரித்துச் சொல்வதற்கு இது ஒப்பானது. பெயரிலே பால் இருப்பதால் உள்ளே இருப்பதும் பாலாகிவிடாது. ஆகவேதான் களைக்கொல்லியையோ பாலை உறைய வைக்கும் ஆசிட்டையோ பழைய பானப் போத்தல்களில் ஊற்றி வீட்டில் வைக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை நம் நாடு 2020ஆம் ஆண்டு முதல் தடைசெய்தது. ஆயினும் வேறு களைக்கொல்லிகள் இருக்கவே செய்கின்றன. வீட் கில்லர் என்ற எழுத்தைப் பிள்ளைகள் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. வீட் என்றால் களை, கில்லர் என்றால் கொல்வது. களையை மட்டும்தான் கொல்லும் என்று அந்தப் பெயர் உறுதி கொடுக்கவில்லை.

இந்தக் கில்லர் என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்கலாம். வினைச் சொல்லிலிருந்து பிறந்து 'அர்' ஒலியில் முடியும் பெயர் கடைசியில் வந்தால், முன்னால் நிற்பது பெரும்பாலும் அந்த வினைக்குச் செயப்படுபொருளாக இருக்கும். வீட் கில்லர் களையைக் கொல்கிறது. டாக்சி டிரைவர் டாக்சியை ஓட்டுகிறார். இரண்டாம் வேற்றுமை 'ஐ' மறைந்து நிற்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது. ஃபேக்டரி ஒர்க்கர் ஃபேக்டரியைச் செய்பவர் அல்லர். ஃபேக்டரியில் வேலை செய்பவர். ஷிஃப்ட் ஒர்க்கர் முறை வைத்து வேலை செய்பவர். முதலில் 'ஐ' போட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் 'இல்' போட்டுப் பார்க்க வேண்டும்.

'இங்' என்று முடியும் சொல் முன்னால் வரும்போதும் கவனம் தேவை. ட்ரிங்கிங் வாட்டர் என்பது குடிக்கிற தண்ணீரா? தண்ணீர் எதையும் குடிப்பதில்லை. நாம் குடிப்பதற்கான தண்ணீர், குடிநீர். ரன்னிங் வாட்டர் என்றால் ஓடுவதற்கான தண்ணீரன்று, தண்ணீரே ஓடுகிறது. டேப்பிங் நைஃப் பால் வெட்டுவதற்கான கத்தி. ஸ்லீப்பிங் பேக் நாம் உள்ளே படுத்துத் தூங்குவதற்கான பை. ஸ்லீப்பிங் சைல்ட் என்றாலோ தூங்கிக் கொண்டிருக்கும் குழந்தை. தமிழில் வினைத்தொகை படித்தவர்களுக்கு இது புதிதன்று. குடிநீர் என்பதில் நீர் செயப்படுபொருள். ஓடுநீர் என்பதில் நீர் எழுவாய். தொகை ஒன்றுதான், உள்ளே நடக்கும் வேலை இரண்டு.

கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று இதுவரை சொல்லி வந்தோம். அது ஏமாற்றும் இடங்களும் சில உண்டு. பிக்பாக்கெட் என்பது ஒருவகைச் சட்டைப்பையன்று. பையில் கைவிட்டுத் திருடும் ஆள். ஸ்கேர்குரோ என்பது காக்கையன்று. காக்கையை விரட்ட வயலில் நிறுத்தும் பொம்மை. சரவாக் மாநிலத்தின் சின்னமாக விளங்கும் ஹார்ன்பில் என்ற பறவையின் பெயரில் பில் என்பது அலகு, ஹார்ன் என்பது கொம்பு. கொம்பு போன்ற அலகையுடைய பறவை என்பது பொருள். பறவை என்ற சொல் அந்தப் பெயரில் எங்குமே இல்லை. தமிழில் பொற்றொடி என்றால் பொன் வளையலைக் குறிக்காமல் அதை அணிந்த பெண்ணைக் குறிப்பது போல இது. இதை நாம் அன்மொழித் தொகை என்கிறோம். ஆங்கில இலக்கணத்தார் தங்கள் மொழியில் இதற்குச் சொல் தேடி, வடமொழி இலக்கணத்தின் பகுவிரீகி என்ற சொல்லையே கடன் வாங்கி வழங்குகிறார்கள். நம்மவர்கள் பிக்பாக்கெட் என்று மட்டும் சொல்லி நிறைவடையாமல் பிக்பாக்கெட்காரன் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நமக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் ஆளைக் குறிக்கும் சொல் இல்லையே என்று தமிழ்க் காது தேடுகிறது, 'காரன்' போட்டு நிரப்பிக் கொள்கிறது.

தமிழ் வழி ஆங்கிலத்தில் செல்லாத இடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தாய்தந்தை, வெற்றிலைபாக்கு என்று 'உம்' மறைந்த உம்மைத் தொகையை நாம் தாராளமாக வழங்குகிறோம். ஆங்கிலத்தில் அது மிக அரிது. மதர் ஃபாதர் என்று எழுதினால் பிழை. நடுவில் 'அண்ட்' கட்டாயம் வர வேண்டும். நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் அடிக்கடி சிவப்பு மை விழும் இடம் இது.

ஒருமை பன்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். முன்சொல் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும். வாயிலுள்ள பற்கள் அத்தனையையும் துலக்கினாலும் அது டூத் பிரஷ்தான். டீத் பிரஷ் ஆகாது. பலவானால் கடைசிச் சொல்தான் பன்மை பெறும், டூத் பிரஷஸ் என்று. ஸ்போர்ட்ஸ் டே, சேவிங்ஸ் பேங்க் போன்றவை இதற்கு விலக்கு. சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதற்கு உறுதியான விதி கிடையாது. அகராதியைப் பார்ப்பதே வழி.

காதால் கேட்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. வானொலிக்கு அது மிகவும் பொருத்தம். பிளாக் என்பதில் குரலை அழுத்தி, போர்டு என்பதை மெல்லச் சொன்னால் அது வகுப்பறைக் கரும்பலகை. பச்சை வண்ணம் பூசியிருந்தாலும் அதன் பெயர் பிளாக்போர்டுதான். இரண்டாவது சொல்லிலும் குரலை அழுத்தி பிளாக், போர்டு என்றால் கருமையான ஏதோ ஒரு பலகை. இங்கிலீஷ் டீச்சர் என்பதில் முதற்சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர். அவர் தமிழராகவும் இருக்கலாம், சீனராகவும் இருக்கலாம். டீச்சர் என்பதை அழுத்தினால் இங்கிலாந்து நாட்டு ஆசிரியர். அவர் கணக்குக்கூடக் கற்பிக்கலாம். தமிழில் இந்த வேலையில் ஒரு பங்கை ஒற்றெழுத்துச் செய்கிறது. தண்ணீர்க்குடம் என்ற வேற்றுமைத் தொகையில் க் மிகுகிறது. குடிதண்ணீர் என்ற வினைத்தொகையில் த் மிகுவதில்லை. நாம் எழுத்திலே காட்டுவதை அவர்கள் குரலிலே காட்டுகிறார்கள். ஆதலால் ஆங்கிலப் பாடத்தை வாய்விட்டுப் படிக்காத பிள்ளைக்கு இந்த வேறுபாடு எந்நாளும் பிடிபடாது.

இரண்டு சொற்களோடு நின்றால் நல்லது. மூன்றும் நான்கும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டை எடுத்துக் கொள்வோம். கடைசிச் சொல் இன்ஸ்டிடியூட். ஆகவே அது ஒரு கழகம். என்ன கழகம்? ரிசர்ச், அதாவது ஆராய்ச்சிக் கழகம். எதைப் பற்றிய ஆராய்ச்சி? ரப்பரைப் பற்றி. இங்கே ரப்பரும் ரிசர்ச்சும் முதலில் கைகோத்துக்கொண்டு, பிறகு இன்ஸ்டிடியூட்டோடு சேர்கின்றன. இப்படிப் பின்னாலிருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு முன்னே போனால் எவ்வளவு நீண்ட பெயரும் அவிழ்ந்துவிடும். சில பெயர்கள் இரண்டு விதமாகவும் அவிழும். ஸ்மால் எஸ்டேட் ஸ்கூல் என்றால் சிறிய தோட்டத்தின் பள்ளியா, தோட்டத்திலுள்ள சிறிய பள்ளியா? எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். நம் பள்ளிகளில் பலவற்றுக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

பெரியவர்கள் பலர் பணம் போட்டு வைத்த இடம் போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் பேங்க். நான்கு சொற்கள். கடைசியில் பேங்க், எனவே அது வங்கி. சேவிங்ஸ் சேர்ந்தால் சேமிப்புக்கான வங்கி. முன்னால் நிற்கும் போஸ்ட் ஆபீஸ் என்ற இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து, அந்த வங்கி எங்கே நடக்கிறது என்பதைச் சொல்கின்றன. அஞ்சல் நிலையத்தில் நடக்கும் சேமிப்பு வங்கி. ஓரிடத்தில் 'கு', ஓரிடத்தில் 'இல்' மறைந்திருக்கின்றன. 1974 டிசம்பர் 1ஆம் நாள் அதன் பொறுப்புகளை ஏற்றுத் தோன்றிய வங்கிக்கு மலாயில் பேங்க் சிம்பானான் நேஷனல் என்று பெயர். வங்கி, சேமிப்பு, தேசியம் என்பது அதன் வரிசை. அதையே ஆங்கிலத்தில் சொன்னால் நேஷனல் சேவிங்ஸ் பேங்க். தமிழில் தேசியச் சேமிப்பு வங்கி. அந்த வங்கியின் கணக்குப் புத்தகம் வீட்டில் இருந்தால், அட்டையிலுள்ள மலாய்ப் பெயரைக் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல் வரை பின்னோக்கிப் படிக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லுங்கள். பிள்ளை சரியாகச் சொல்லிற்றா என்று பார்ப்பதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பெயரின் வரிசையோடு ஒத்துப் பார்த்தால் போதும்.